“நிறுத்திட்டியா?”: மனச்சோர்வு மாத்திரையும் நானும்

ரெக்கார்டிங்ல இருந்த ‘ம்’, ‘வந்து’, நடுவுல ரெண்டு குக்கர் விசில், எல்லாத்தையும் வெட்டிட்டு பேசின வரிசையிலேயே எழுத்தாக்கியிருக்கேன். கேக்க நேரமில்லாதவங்க படிச்சுக்கலாம்.

ரெண்டு எபிசோடுக்கு முன்னாடி தூக்கத்தைப் பத்திப் பேசினப்போ போகிற போக்குல ஒரு வரி சொன்னேன். மனச்சோர்வுக்காக 11 மாசமா மாத்திரை சாப்பிட்டுட்டு இருக்கேன்னு. எபிசோடு முழுக்க தூக்கம். வந்த மெசேஜ் முழுக்க மாத்திரை. அதுல பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி. “என்ன மாத்திரை?”ன்னு இல்ல, “வேலை செய்யுதா?”ன்னும் இல்ல. “எப்போ நிறுத்தப் போறீங்க ப்ரோ?”

இதே கேள்விதான் வீட்டுலயும். சனிக்கிழமை திருத்தணி ஸ்டேஷன்ல இறங்கி வீட்டுக்குப் போனா, “சாப்பிட்டியா?”வுக்கு அடுத்த கேள்வி “நிறுத்திட்டியா?” சிகரெட்டைப் பத்திக் கேக்குற அதே தொனி. சுகர் மாத்திரையை 9 வருஷமா முழுங்குற எங்க அப்பாவை யாரும் இப்படிக் கேட்டதில்லை. கேட்டா அவர் நிறுத்திடுவாரோன்னுதான் எல்லாருக்கும் பயம்.

ஒண்ணை முதல்லயே சொல்லிடுறேன். நான் டாக்டர் இல்ல, ஜாவா எழுதுறவன். இதைக் கேட்டுட்டு யாரும் மாத்திரையை ஆரம்பிக்கவும் வேணாம், நிறுத்தவும் வேணாம். நான் பேசப் போறது ரெண்டு வாக்கியத்தைப் பத்தி. எனக்கு இந்த மாத்திரை பிடிக்கலை. இந்த மாத்திரையை நான் தினமும் சாப்பிடுறேன். ரெண்டையும் சேர்த்துச் சொன்னா எந்தப் பக்கத்துக்காரங்களுக்கும் பிடிக்க மாட்டேங்குது. மாத்திரை வேண்டாம்ங்குறவங்க, “அப்புறம் ஏன் சாப்பிடுற?”ங்கிறாங்க. மனநல விழிப்புணர்வு பேசுற நண்பர்கள், “பிடிக்கலைன்னு வெளியில சொல்லாதடா, நாலு பேர் பயந்துடுவாங்க”ங்கிறாங்க.

முதல்ல சொல்லுலயே ஒரு சிக்கல் இருக்கு. நம்ம ஊர்ல ‘மன அழுத்தம்’னா டெட்லைனும் அதுதான், டிப்ரெஷனும் அதுதான். செய்தித்தாள்கூட ரெண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் போடுது. மனச்சோர்வுன்னு ஒரு தனிச் சொல் இருக்கு, அதை யாரும் வாயால சொல்றதில்லை. திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திராவோட சித்தூர் மாவட்டத்துல இருந்த ஊர். ம.பொ.சி. போராடி இந்தப் பக்கம் வந்துச்சு, ஆனா வீட்டுக்குள்ள இருந்த தெலுங்கு அப்படியேதான் இருக்கு. எங்க பாட்டியை அவ்வான்னுதான் கூப்பிடுவோம். அவ்வா கிட்ட என்ன ஆச்சுன்னு சொல்ல எனக்குக் கிடைச்சது “மனசு பாகாலேது”ங்கிற ரெண்டு சொல். மனசு நல்லா இல்ல. மருமக எதுத்துப் பேசினாலும் அவங்க சொல்றது அதேதான். அதுக்குப் போய் எதுக்கு மாத்திரைன்னு அவங்க கேட்டது நியாயமாத்தான் பட்டுச்சு.

சோகமா இருந்திருந்தா விளக்குறது ஈஸி. சோகமே இல்ல. கட்டில் விளிம்புல உக்காந்து ஒரு கால்ல சாக்ஸ் போட்டுட்டு, இன்னொரு கால்ல போட 40 நிமிஷம் ஆகும். ஆபீஸ்ல ஒரே கோடை ஒரு நாள் முழுக்கப் பாத்துட்டு இருப்பேன், ஒரு வரியும் உள்ள போகாது. பிரியாணி அட்டைப்பெட்டி மாதிரி இருக்கும். அஞ்சு வாரம் இப்படிப் போனதும் ரூம்மேட் கூட்டிட்டுப் போனான். டாக்டர் எஸ்சிட்டலோப்ராம்னு எழுதினார். முதல் வாரம் 5 மில்லிகிராம், அப்புறம் 10. கூடவே கவுன்சலிங்குக்கும் அனுப்பினார். “பலன் தெரிய ரெண்டு வாரத்துல இருந்து ஆறு வாரம் ஆகும். பக்க விளைவு நாளைக்கே தெரியும்”னார். ஒரு பொருளை விக்கிறதுக்கு இதைவிட மோசமான வரி இருக்க முடியாது. ஆனா நடந்தது அப்படியேதான்.

பிடிக்காததைச் சொல்றேன். முதல் பத்து நாள் குமட்டல், கொட்டாவி, ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு. அது தானா போயிடுச்சு. செக்ஸ் விஷயத்துல ஆர்வம் சுத்தமா குறைஞ்சுது. அது இன்னும் முழுசா திரும்பலை. இந்த வகை மாத்திரைகள்ல இது ரொம்ப சாதாரணமா வர்றது. ஆனா எங்க ஊர்ப் பசங்க யாரும் டாக்டர்கிட்ட இதைச் சொல்ல மாட்டாங்க, பேசாம மாத்திரையை நிறுத்திடுவாங்க. சொல்லுங்க. டோஸை மாத்தலாம், மருந்தை மாத்தலாம், வழி இருக்கு. இன்னொண்ணு, 25 வயசுக்குக் கீழ இருக்குறவங்களுக்காக: முதல் சில வாரங்கள்ல தற்கொலை எண்ணம் கூடலாம்னு அமெரிக்காவோட எஃப்.டி.ஏ. இந்த மருந்துகள் மேல கட்டம் கட்டி எச்சரிக்கை போட வெச்சிருக்கு. அதனால ஆரம்பிக்கும்போது பக்கத்துல இருக்குற ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும். எனக்கு ரூம்மேட் இருந்தான்.

இதெல்லாம் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாத ஒண்ணு ஏழாவது மாசம் நடந்துச்சு. அவ்வா போயிட்டாங்க.

என்னை வளர்த்தவங்க அவங்க. அப்பாவும் அம்மாவும் தறிக்குப் போயிட்டா நானும் அவ்வாவும்தான் வீட்டுல. செய்தி வந்ததும் கிளம்பினேன். ஃப்ரீசர் பாக்ஸ், பந்தல், ஐயருக்குச் சொல்றது, நகரியிலயும் புத்தூர்லயும் இருக்குற சொந்தக்காரங்களுக்குப் போன், டெத் சர்டிஃபிகேட்டுக்கு வேண்டிய பேப்பர், எல்லாம் நான்தான் பாத்தேன். ஒரு வருஷத்துக்கு முன்னாடி சாக்ஸ் போட முடியாதவன். பெரியப்பா தோள்ல தட்டி, “நல்லாப் பாத்துக்கிட்டடா”ன்னார். எல்லாம் செஞ்சேன், அழுகை மட்டும் வரலை. நெஞ்சுல ஒரு கனம் இருந்துச்சு, அது மேல ஏறவே இல்ல. தண்ணிக்குள்ள இருந்து வெளியில நடக்குறதைப் பாக்குற மாதிரி. சித்தி என் மூஞ்சியைப் பாத்துட்டு அம்மாவைப் பாத்தாங்க. பதினாறாம் நாள் முடிஞ்சு பாத்திரம் கழுவும்போது அம்மா மெதுவா கேட்டாங்க, “அந்த மாத்திரைதானாடா?”

எனக்குப் பதில் தெரியலை. இன்னமும் தெரியலை. டாக்டர்கிட்ட கேட்டேன். “மருந்தா இருக்கலாம். உணர்ச்சி மழுங்குறது சிலருக்கு வருது. மனச்சோர்வோட மிச்சமா இருக்கலாம், அதுவும் இதே மாதிரிதான் இருக்கும். துக்கமே சிலருக்கு அப்படித்தான் வரும்”னார். ப்ரொடக்‌ஷன்ல மூணு மாற்றத்தை ஒரே நேரத்துல ஏத்திட்டு எது உடைச்சுதுன்னு தேடுற நிலைமை. டோஸைக் குறைச்சுப் பாக்கலாமான்னும் கேட்டார். அந்த நேரத்துல அதைத் தொட எனக்கு இஷ்டமில்ல.

மாத்திரை எதிர்ப்பாளர்களுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். மாத்திரை மனுஷனை மரமாக்கிடும்ங்கிறதுக்கு சாட்சி. ஆனா மாத்திரை இல்லாம இருந்திருந்தா நான் அந்தச் சாவுக்கு வந்திருப்பேனாங்கிறதே சந்தேகம். வந்திருந்தாலும் மாடியில போர்வைக்குள்ள இருந்திருப்பேன். பந்தலைக் கட்ட வெச்சதும் அழ விடாததும் ஒரே 10 மில்லிகிராமா இருக்கலாம். இதுல ஒரு பாதியை மட்டும் எடுத்துச் சொல்ல எனக்கு மனசு வரலை.

சரி, இந்த மாத்திரை உள்ள போய் என்னதான் பண்ணுது? நாம எல்லாரும் கேட்ட கதை, மூளையில செரடோனின் குறைஞ்சிடுது, மாத்திரை அதை நிரப்புது. வண்டிக்கு ஆயில் மாதிரி. இந்தக் கதையை எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது, ஏன்னா அதுல என் தப்பு எதுவும் இல்ல. 2022-ல லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல இருந்து ஜோவன்னா மோன்கிரீஃப் குழு ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு வெளியிட்டாங்க. மனச்சோர்வு செரடோனின் குறைவாலதான் வருதுன்னு சொல்ல உறுதியான ஆதாரம் இல்லைன்னு. அதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு ஏமாத்தப்பட்ட மாதிரிதான் இருந்துச்சு. வாட்ஸ்அப்ல, “பாத்தியா, மாத்திரை எல்லாம் டுபாக்கூர்”னு நாலு பேர் அனுப்பினாங்க.

ஆனா அந்த ஆய்வு கேட்டது ‘எதனால வருது’ங்கிற கேள்வி. ‘மாத்திரையால குறையுதா’ங்கிறது வேற கேள்வி. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போடுறோம், உடம்புல பாராசிட்டமால் குறைஞ்சதால காய்ச்சல் வந்துச்சுன்னு யாரும் சொல்றதில்ல. ரெண்டாவது கேள்விக்கு 2018-ல லான்செட்ல வந்த சிப்ரியானி குழுவோட ஆய்வு இருக்கு. 522 சோதனைகள், 1,16,477 பேர், 21 மருந்துகள். 21-ம் வெத்து மாத்திரையைவிட நல்லா வேலை செஞ்சுது. எவ்வளவு நல்லா? பெரும்பாலும் சுமாரான அளவுக்குத்தான். அற்புதமும் இல்ல, டுபாக்கூரும் இல்ல. சுமார். இப்படி ஒரு பதில் வாட்ஸ்அப்ல ஓடாது.

இந்த மருந்துகள் வந்த வரலாறும் ஏறக்குறைய விபத்துதான். 1952-ல நியூயார்க்ல ஸ்டேட்டன் தீவுல சீ வியூங்கிற டிபி ஆஸ்பத்திரி. ஐப்ரோனியாசிட்னு ஒரு புது டிபி மருந்தைக் குடுத்துப் பாக்குறாங்க. படுக்கையில கிடந்தவங்க எழுந்து சிரிக்கிறாங்க, சாப்பாடு கேக்குறாங்க, வார்டுல ஆடுறாங்க. அது நுரையீரல் சரியானதால மட்டும் இல்லைன்னு பின்னால புரிஞ்சுது. மனச்சோர்வுக்கான முதல் மருந்துகள்ல ஒண்ணு அப்படித்தான் வந்துச்சு. யாரும் மூளையைப் புரிஞ்சுக்கிட்டு டிசைன் பண்ணலை. லாக்ல ஏதோ வித்தியாசமாத் தெரிஞ்சுது, பின்தொடர்ந்தாங்க.

டிபின்னதும் நம்ம சென்னை இல்லாமலா? 1956-ல சேத்துப்பட்டுல காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சாங்க. ஐசோனியசிட், அந்த ஐப்ரோனியாசிட்டுக்கு நெருங்கின சொந்தம், அதை இன்னொரு மருந்தோட சேர்த்து சானடோரியத்துல ஒரு பகுதி ஆளுங்களுக்கும், வீட்டுலயே வெச்சு ஒரு பகுதி ஆளுங்களுக்கும் குடுத்துப் பாத்தாங்க. நல்ல சாப்பாடும் ஓய்வும் இல்லாத சென்னை வீட்டுலயும் குணம் ஏறக்குறைய அதே அளவு. 1959-ல முடிவு வெளிவந்து உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடுறதுக்கு வழி விட்டுச்சு. எனக்குப் பிடிச்ச பகுதி அது இல்ல. ஒரு வருஷம் மாத்திரை சாப்பிடணும், ஆனா சில மாசத்துலயே இருமல் நின்னுடும். அப்புறம் எதுக்கு? அதனால சென்னையில அந்த டாக்டர்கள் சொல்லாம கொள்ளாம வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணினாங்க, சிறுநீரைச் சோதிச்சுப் பாத்தாங்க. நல்லாயிட்ட மனுஷன் மாத்திரையைத் தொடர மாட்டான்ங்கிறதை அவ்வளவு தெளிவாப் பதிவு பண்ணது நம்ம ஊர். கண் முன்னாடி மாத்திரையை முழுங்க வைக்கிற முறைக்கே அதுதான் ஆரம்பம். அதனால “நல்லாத்தானே இருக்க, நிறுத்தேன்”ங்கிற அம்மாவோட லாஜிக் ஒண்ணும் அம்மாவோட கண்டுபிடிப்பு இல்ல.

அம்மாவோட கண்டுபிடிப்பு வேற. சந்தனம்.

திருத்தணி முருகன் கோயிலுக்கு ஒரு ஐதீகம் இருக்கு. தெய்வானையோட சீதனமா இந்திரன் குடுத்த கல்லுல அரைச்ச சந்தனத்தைச் சாமி மேல சாத்துவாங்க. அதை நெத்தியில வைக்க மாட்டாங்க, தண்ணியில கரைச்சுக் குடிச்சா நோய் தீரும்னு நம்பிக்கை. சூரபத்மனோட போர் முடிஞ்சு முருகனோட சினம் தணிஞ்ச இடம், அதனால தணிகை. அப்போ மனசு தணியுறதுக்கு வேற எங்க போகணும்னு அம்மா கேப்பாங்க. நான் டாக்டரைப் பாத்த அடுத்த வாரமே அவங்க 365 படி ஏறி வேண்டிக்கிட்டாங்க. முட்டிவலிக்காரங்க. ஞாயித்துக்கிழமை காலையில ஒரு டம்ளர்ல சந்தனத் தண்ணி, பக்கத்துல நான் சென்னையிலயே வாங்கிட்டு வந்த அட்டை. ஏன் சென்னையிலேயேன்னா, இங்க மெடிக்கல் ஷாப்புல இருக்குறவர் அப்பாவோட படிச்சவர். ரெண்டையும் குடிக்கிறேன்.

(ஒரு இடைச்செருகல். முத்துசுவாமி தீட்சிதர் இதே மலையில தியானத்துல இருந்தப்போ ஒரு பெரியவர் வந்து அவர் நாக்குல கற்கண்டு வெச்சார், உடனே முதல் கீர்த்தனை வந்துச்சுன்னு சொல்லுவாங்க. நாக்குல ஒண்ணை வெச்சதும் உடனே பலன். ஆறு வாரம் காத்திருந்தவனுக்குப் பொறாமையா இருக்கு.)

சந்தனத்தைக் கிண்டல் பண்ற ஆள் இல்ல நான். 2002-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல பெங்களூர் நிம்ஹான்ஸ் டாக்டர்கள் ஒரு கட்டுரை எழுதினாங்க. தமிழ்நாட்டுல முத்துசுவாமி கோயில்னு ஒரு கிராமத்துக் கோயில். மனநோயாளிகள் குடும்பத்தோட வந்து தங்குற இடம். அங்க வந்த 31 பேரைக் கவனிச்சாங்க. பெரும்பாலும் தீவிரமான நோய். சராசரியா ஆறு வாரம் தங்கினாங்க. அறிகுறிகளை அளக்குற மதிப்பெண் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைஞ்சுது. தனியா வைத்தியம்னு எதுவும் நடக்கலை. கோயில் வேலை செஞ்சாங்க, யாரும் விரட்டலை, கூட சொந்தம் இருந்துச்சு. ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு குழு அந்த ஆய்வுல இல்ல, அவங்க நோயும் என் நோயும் வேற, அதனால இதை வெச்சு நான் கோட்டை கட்ட மாட்டேன். ஆனா கூட ஆள் இருக்குற இடத்துக்கு ஒரு பலம் இருக்குங்கிறது என் அனுபவத்துக்கும் பொருந்துது.

அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவுக்குக் குணமாகும்னு கூட்டிட்டு வந்தவங்களைத் தனியார் காப்பகம் ஒண்ணு கீத்துக் கொட்டகையில சங்கிலி போட்டுக் கட்டி வெச்சிருந்துச்சு. தீப்பிடிச்சுது. 28 பேர் கருகிச் செத்தாங்க. சங்கிலி இருந்ததால ஓட முடியலை. சுப்ரீம் கோர்ட் தானாவே வழக்கா எடுத்துச்சு, காப்பகங்களை மூடினாங்க. நான் அப்போ சின்னப் பையன், எனக்கு நினைவில்ல. அம்மாவுக்கு நல்லா நினைவிருக்கு. ‘மனசுக்கு மருந்து’ன்னு நான் சொன்னதும் அவங்க கண்ணுல வந்தது கீழ்ப்பாக்கமும் ஏர்வாடியும்தான். அந்தத் தலைமுறைக்கு இந்த விஷயத்துல வேற படமே கிடையாது. மாத்திரையைப் பாத்துப் பயப்படுறாங்கன்னு நான் நினைச்சேன். அவங்க பயந்தது சங்கிலிக்கு.

அதே ஏர்வாடியில பின்னால அரசு ஒரு வேலை செஞ்சுது. தர்கா பக்கத்துலயே மனநல மருத்துவம். பேரு ‘தவா-துவா’. தவான்னா மருந்து, துவான்னா பிரார்த்தனை. பிரார்த்தனைக்கு வர்றவங்களைத் திருப்பி அனுப்பாம, அதை விடச் சொல்லாம, மருந்தையும் பக்கத்துல வைக்கிறது. குஜராத்ல ஒரு தர்காவுல முதல்ல செஞ்சு பாத்த திட்டம் இது. இந்தப் பேரை நான் அம்மாகிட்ட சொன்னேன். “இதைத்தானே நான் ஞாயித்துக்கிழமை டம்ளர்ல குடுக்குறேன்”னாங்க. சொல்லப்போனா சரிதான்.

எனக்கு ஒரு வித்தியாசம் மட்டும் உறைச்சுது. சந்தனம் குடிக்கும்போது அம்மா, “நம்பிக் குடி”ம்பாங்க. மாத்திரைக்கு அது தேவையில்ல. சந்தேகத்தோட முழுங்கினாலும், திட்டிக்கிட்டே முழுங்கினாலும், அது பாட்டுக்கு அதோட வேலையைச் செய்யுது, செய்யாமலும் இருக்கு. தீபிகா படுகோன் 2015-ல வெளிப்படையாப் பேசினப்போ ஒரு விஷயத்தை மறைக்கலை. மருந்து எடுக்கச் சொன்னதும் முதல்ல மறுத்தாங்க, பேசினாலே போதும்னு நினைச்சாங்க, அப்புறம் பெங்களூர்ல இன்னொரு டாக்டர்கிட்ட கருத்துக் கேட்டுட்டுத்தான் எடுத்தாங்க. அவ்வளவு வசதி, அவ்வளவு படிச்ச ஆளுங்க சுத்தி இருந்தும் அந்தத் தயக்கம் வந்துச்சு. அதைக் கேட்டப்போதான் என் தயக்கத்தை வியாதியோட அறிகுறியாவோ தைரியக் குறைச்சலாவோ பாக்குறதை விட்டேன். தயக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும்.

இப்போ இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு சூடாகியிருக்குன்னா, வீட்டுல பொண்ணு பாக்குறாங்க.

போன மாசம் ஒரு இடம் அமையுற மாதிரி இருந்துச்சு. அம்மா கண்டிஷனே போட்டாங்க. “தை மாசத்துக்குள்ள நிறுத்திடு, அப்புறம் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.” நான் சொல்லித்தான் ஆவேன்னேன். ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இல்ல. மூணாவது நாள் தெரிஞ்சுது, அதுக்குள்ள அவங்களே பொண்ணு வீட்டுக்குச் சொல்லிட்டாங்க. “பையன் தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுறான்”னு. எனக்கு முதல்ல கோவம், அப்புறம் சிரிப்பு. தைராய்டு கௌரவமான வியாதி. அதுக்கு வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிடலாம், யாரும் நிறுத்திட்டியான்னு கேக்க மாட்டாங்க.

பெரியப்பா சட்டம் பேசினார். “மனநோய்னு எழுதிட்டா நாளைக்கு விவாகரத்துக்கே அது போதும்.” அது அப்படி இல்ல. இந்து திருமணச் சட்டத்துல மனநோய் ஒரு காரணமா இருக்கு, உண்மைதான். ஆனா 1988-ல ராம் நாராயண் குப்தா வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவாச் சொல்லியிருக்கு. நோய்க்கு ஒரு பேரு இருக்குங்கிறது மட்டும் போதாது, சேர்ந்து வாழுறது நியாயமா எதிர்பாக்க முடியாத அளவுக்கு அது இருக்கணும்னு. அந்த வழக்கு மனச்சிதைவு பத்தினது, என்னோடதைவிட ரொம்பத் தீவிரமானது. ஆனா சட்டத்துக்கும் பெரியப்பாவுக்கும் நடுவுல நிக்கிறது எங்க தெரு. தெருவுக்கு சுப்ரீம் கோர்ட் தெரியாது.

அந்தப் பொண்ணுகிட்ட நான் போன்ல சொல்லிட்டேன். தைராய்டு இல்ல, இதுதான்னு. கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் ரெண்டு கேள்வி கேட்டாங்க. “இப்போ எப்படி இருக்கீங்க?” “ஆரம்பத்துல எப்படி இருந்தீங்க?” நிறுத்துறதைப் பத்திக் கேக்கலை. யோசிச்சுச் சொல்றேன்னாங்க. இன்னைக்கு வரைக்கும் பதில் வரலை. வராமலும் போகலாம். வரலைன்னா அவங்க மேல எனக்கு வருத்தம் இருக்காதுன்னு சொல்ல ஆசை. இருக்கும்.

சரி, நிறுத்துறது. உங்க கேள்விக்கு வர்றேன்.

முதல் முறை மனச்சோர்வு வந்தவங்களுக்கு, நல்லான பிறகும் குறைஞ்சது ஆறு மாசமாவது தொடரச் சொல்றது டாக்டர்களோட பொதுவான வழக்கம். அந்தக் கணக்குல எனக்கும் பேச வேண்டிய நேரம் வந்தாச்சு. 2021-ல நியூ இங்கிலாந்து ஜர்னல்ல ஆன்ட்லர்னு ஒரு ஆய்வு வந்துச்சு. அதே லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்காரங்கதான். ரொம்ப நாளா இந்த மாதிரி மருந்து எடுத்து, இப்போ நல்லா இருக்கேன், நிறுத்தலாம்னு நினைக்கிற 478 பேர். பாதிப் பேருக்கு மருந்து தொடர்ந்துச்சு. மீதிப் பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு வெத்து மாத்திரை. யாருக்கு எதுன்னு அவங்களுக்கே தெரியாது. ஒரு வருஷத்துல மருந்து நின்னவங்கள்ல 56 சதவீதம் பேருக்கு மறுபடி வந்துச்சு. மருந்து தொடர்ந்தவங்கள்ல 39 சதவீதம்.

இந்த ரெண்டு எண்ணை நான் ஒரு வாரம் பாத்துட்டே இருந்தேன். நிறுத்தினா ஆபத்து கூடுது, சந்தேகமே இல்ல. ஆனா நிறுத்தினவங்கள்ல 44 பேர் நூத்துக்கு நல்லாவே இருந்திருக்காங்க. தொடர்ந்து சாப்பிட்டவங்கள்லயும் 39 பேர் விழுந்திருக்காங்க. நான் எந்தக் கூட்டம்னு முன்னாடியே சொல்ல ஒரு டெஸ்ட்டும் கிடையாது. அம்மாவோட “நிறுத்திடு”வுக்கும் இடம் இருக்கு, நண்பனோட “தொட்டுடாத”வுக்கும் இடம் இருக்கு. அவங்க ஆய்வுக்கு வந்தவங்கள்ல நிறைய பேர் பல வருஷமா எடுத்தவங்க, என் கணக்கு மாசத்துல. அதனால அந்த எண்ணை அப்படியே என் மேல ஒட்டவும் முடியாது.

டாக்டரும் நானும் பேசி வெச்சிருக்குறது இது. இந்த ஆடிக்கிருத்திகைக் கூட்டமும் ஆபீஸ்ல ரிலீஸும் முடியட்டும். அப்புறம் 10-ல இருந்து 7.5, சில வாரம் பாத்துட்டு 5, அப்புறம் இன்னும் மெதுவா. பட்டுன்னு நிறுத்தினா தலைசுத்தல், எரிச்சல், தலைக்குள்ள சின்ன ஷாக் அடிக்கிற மாதிரி உணர்வு எல்லாம் வரலாம். அதை நோய் திரும்பிடுச்சுன்னு நினைச்சுக் குழம்புறவங்க உண்டு. குறைக்கும்போது மறுபடி சாக்ஸ் 40 நிமிஷம் ஆனா, திரும்ப ஏத்திடுவோம். ரோல்பேக் பிளான் இல்லாம நான் எதையும் டெப்ளாய் பண்றதில்ல. ரூம்மேட்கிட்ட தேதி சொல்லி வெச்சிருக்கேன். கவுன்சலிங் அப்படியே தொடரும். கல்யாணத் தேதிக்கும் இதுக்கும் முடிச்சுப் போட முடியாதுன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். “சரி, அப்போ தைராய்டாவே இருக்கட்டும்”னாங்க. அதுல இன்னும் உடன்பாடு வரலை.

குறைச்சா அழுகை திரும்புமாங்கிறதுதான் எனக்குள்ள இருக்குற ரகசியக் கேள்வி. அவ்வாவோட வருஷத் திதி வர்றதுக்குள்ள தெரிஞ்சிடும்.

உங்கள்ல யாருக்காவது இப்போ நிலைமை கஷ்டமா இருந்தா, டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும், தமிழ்லயே பேசலாம், காசு இல்ல. சென்னையில 1986-ல இருந்து இருக்குற சிநேகா அமைப்போட எண் 044-24640050. அடுத்த வாரம் ஒரு மனநல மருத்துவரைக் கூட்டிட்டு வர்றேன். பக்க விளைவு, டோஸ், மத்த மருந்தோட சேர்த்துச் சாப்பிடுறது, இதையெல்லாம் அவர்கிட்டயே கேப்போம். கேள்விகளை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, பேரு போட வேண்டாம்னா போட மாட்டேன். வியாழக்கிழமை ராத்திரிக்குள்ள வந்தா போதும்.